லேஞ்சி போட்ட இருக்கை

"கெடுக்கிறதுக்கெண்டு வந்தவன் வாஷர் போட்டு முறுக்குவானோ, டெரிக்?"

கேள்வி இருக்கையின் அடியிலிருந்து வந்தது. கேட்டவளின் கால்கள் மட்டுமே வெளியே தெரிந்தன. மீதி நிருஷா தெமட்டகொடைப் பட்டறையில் நின்ற பழைய ரயில் பெட்டியொன்றின் தரையில் மல்லாந்து கிடந்தாள். வெள்ளவத்தையில், காலி வீதித் தையற்கடை ஒன்றின் மேல்மாடியில் 'தனியார் துப்பறிவாளர்' என்று பலகை போட்டு ஆறு வருடம். அதற்கு முன் காப்புறுதிக்காக எரிந்த கடைகளையும் கவிழ்ந்த லொறிகளையும் பார்த்துத் திரிந்தவள், ஆகையால் தரையில் படுப்பது அவளுக்குக் கட்டிலில் படுப்பது மாதிரித்தான்.

டெரிக் கொட்டாஞ்சேனைக்காரன், அவளுடைய உதவியாளன். உதவி எப்போதாவது வரும், வாய் எப்போதும் வரும்.

"எங்கட ரோட்டில ஒருத்தன் கதவை உடைச்சுக் களவெடுத்திட்டு, போகக்குள்ள வடிவா சாத்திட்டுப் போயிருக்கான் மேடம்," என்றான். "நல்ல வளர்ப்பு இருக்கிறவங்க எல்லாத் தொழில்லயும் இருக்காங்க தானே."

"நாலு போல்ட். நாலுக்கும் வாஷர். மேல பெயின்ற் வேற அடிச்சிருக்கு." நிருஷா வெளியே ஊர்ந்து வந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த இரும்புத் தூளைத் தட்டினாள். "தில்லைநாதன் ஐயா, இந்தச் சீற்றைப் போட்ட ஆள் உங்களோட கோவமா இருக்கலாம். ஆனா சீற்றோட நல்ல விருப்பம்."

தில்லைநாதனுக்கு அந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. பட்டறையின் மேற்பார்வையாளர், ஐம்பத்திரண்டு வயது. இஸ்திரி மடிப்புக் குலையாத சட்டை, பையில் இரண்டு பேனா, படிய வாரிய தலை. ஆள் அப்படி அப்பழுக்கில்லாமல் நின்றாலும் தகரக் கூரையின் கீழ் வியர்வை மட்டும் கேட்டுக்கொண்டா வரும்? பையைத் தடவினார், ஒன்றும் அகப்படவில்லை. பக்கத்து மேசையில் எண்ணெய் துடைக்க வைத்திருந்த பஞ்சை எடுத்து நெற்றியை ஒற்றினார். நெற்றியின் குறுக்கே கறுப்பாக ஒரு கோடு விழுந்தது. அதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

"நாளைக்கு ரெண்டு மணிக்கு இன்ஸ்பெக்ஷன்," என்றார் கோட்டுடன். "எஞ்சினியர் அம்மா வாறா. இந்தப் பெட்டி பாஸ் பண்ணினாத்தான் மிச்சம் ஒன்பது பெட்டியும் எங்களுக்கு வரும். இல்லாட்டி இந்தப் பட்டறையைப் பூட்டிப்போட்டு எல்லாரும் வீட்டுக்குத்தான்."

விஷயம் இதுதான். முப்பது வருடத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த அந்தப் பயணிகள் பெட்டியை, நடக்க முடியாதவரும் பார்வையில்லாதவரும் மற்றவர்களைப் போலவே ஏறிப் போகத்தக்கதாக மாற்றி அமைத்துக்கொண்டிருந்தார்கள். வாசல் அகலமாகியிருந்தது. மடித்து நீட்டும் சாய்தளம் வந்திருந்தது. கைபிடிகளெல்லாம் மஞ்சள், அடுத்த நிலையத்தைச் சொல்லும் ஒலிபெருக்கி கூரையில். வாசலோரம் இருந்த நான்கு பழைய இருக்கைகளைக் கழற்றிச் சக்கர நாற்காலிக்கு இடம் விட்டிருந்தார்கள். அந்த இடத்தில்தான் வில்லங்கம். திங்கட்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து வந்து பார்த்தால், கழற்றிய இருக்கைகளில் ஒன்று திரும்பி வந்து தரையில் உட்கார்ந்திருந்தது. கழற்றினார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் மறுபடி வந்தது. புதனும் வந்தது. இன்று வியாழன், இதோ நிற்கிறது. நான்கு நாளும் இருக்கையின் நடுவில் மடித்த கைக்குட்டை ஒன்று, பட்டறைக்காரர் பேச்சில் லேஞ்சி.

"ஸ்டாண்டர்ட் கேக்கிறது அஞ்சடி," தில்லைநாதன் கைகளை விரித்துக் காட்டினார். "நான் விட்டது ஏழடி! என்ர மனுசியும் பதினொரு வருசமா வீல்செயார்தான். அவாவை மனசில வைச்சுத்தான் இந்த ப்ளானைக் கீறினனான். அவா இதுக்குள்ள வந்து வட்டம் அடிக்கலாம், தெரியுமோ? அதுக்குள்ள எவனோ கொண்டுவந்து சீற்றை நடுறான்."

நிருஷா அளவு நாடாவை இழுத்தாள். "சீற் போட்ட பிறகும் மிச்சம் அஞ்சடி ஒரு இஞ்ச் இருக்கு."

"அதுக்கென்ன?"

"கெடுக்க வந்தவர் உங்கட ஸ்டாண்டர்டை வாசிச்சிருக்கிறார். இங்க பாருங்கோ, கை வைக்கிற சட்டம் ஒரு பக்கம் இருக்கு, மற்றப் பக்கம் அறுத்தெடுத்து, கையில கீறாமல் அரம் போட்டு மழமழ எண்டு தேச்சிருக்கு. வீல்செயார் நிக்கிற பக்கம்."

"எனக்கு அரமும் வேண்டாம் மரமும் வேண்டாம். ஆளைப் பிடிச்சுத் தாங்கோ. அண்டைக்கே வேலையால நிப்பாட்டுறன். கடிதம் அடிச்சாச்சு, பேர் மட்டும்தான் போடவேணும்."

வாசலில் ஸ்பானரோடு ஒருவர் வந்து நின்றார். இராஜநாயகம், பட்டறையின் மூத்த பொருத்துநர். டெரிக்குக்கு ஆள் தெரியும், கொட்டாஞ்சேனையில் மூன்று வீடு தள்ளி இருப்பவர். தேவாலயத் திருநாளுக்குச் சப்பறம் கட்டுவதென்றால் ஊரே அவரைத்தான் தேடும். இந்த வேலையை விட்டால் அவருக்கு வேறு போக்கிடமும் இல்லை. அவர் டெரிக்கைப் பார்த்ததும் பார்வையை ஸ்பானருக்கு மாற்றிக்கொண்டார்.

"கழட்டவா சேர்?"

"வேண்டாம்," என்றாள் நிருஷா முந்திக்கொண்டு. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இருக்கட்டும். சாட்சியைக் கழட்டினா நான் ஆரை விசாரிக்கிறது?"

"அப்ப நான் பெயரைச் சொல்லுறன்," தில்லைநாதன் குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பெட்டி முந்தி தெஹிவளை ஒபிஸ் ரெயிலில ஓடினது. இந்த நாலு சீற்றிலதான் ஒரு கூட்டம் வருசக்கணக்கா இருந்து காட்ஸ் விளையாடினது. சீற்றைக் கழட்டவேண்டாம் எண்டு பெட்டிசம்கூட எழுதினவை. லேஞ்சி போட்டு இடம் பிடிக்கிறது ஆற்ற பழக்கம்? அவையின்ர! இஞ்ச உள்ள எவனையோ கையுக்க போட்டிருக்கினம்."

மேசை லாச்சியிலிருந்து முந்தைய மூன்று கைக்குட்டைகளையும் எடுத்து நீட்டினார். வெள்ளைத் துணி, ஓரத்தில் மெல்லிய நீலக் கோடு. நிருஷா நான்கையும் வாங்கிக்கொண்டு, அவருடைய நெற்றியை ஒரு கணம் அக்கறையோடு பார்த்தாள்.

"போவம் டெரிக். ரெயிலுக்கு நேரமாச்சு."

* * *

கோட்டை நிலையத்தில் தெஹிவளைப் பக்கம் போகும் மாலை ரயில் மேடைக்குள் நுழையும் முன்பே சனம் அதற்குள் நுழைந்துவிட்டது. டெரிக் முழங்கையால் வழி வெட்டி, நிருஷாவை இழுத்துக்கொண்டு மூன்றாம் பெட்டிக்குள் விழுந்தான். யன்னலோரம் ஓர் இருக்கை காலி. கடவுளுக்கு நன்றி சொல்லி உட்காரப் போனான்.

"ஏய் மிஸ்டர்! லேஞ்சி தெரியேல்லயா?"

யன்னலுக்கு வெளியே, மேடையில், கைப்பையைத் தலையில் தூக்கியபடி ஒரு பெண் நின்றாள். டெரிக் குனிந்து பார்த்தான். இருக்கையின் மூலையில் கசங்கிய ஊதா நிறத் துணி ஒன்று சுருண்டு கிடந்தது.

"இதுவா? நான் யாரோ மூக்குச் சிந்திட்டு விட்டதுன்னு நினைச்சன்."

"அப்ப ஏன் அதுக்கு மேல இருக்கப் போனீங்க?"

டெரிக்கின் வாய் அடைபட்ட அபூர்வமான தருணங்களில் அது ஒன்று. நிருஷா அதை வெகுவாக ரசித்தாள்.

அந்தப் பெண்ணின் பெயர் பிறிஜெற். கோட்டையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் எழுதுவினைஞர், வீடு தெஹிவளை. பதினாறு வருடமாக இதே ரயில். அவள் ஏறி வந்து அமர்ந்த ஒரு நிமிடத்துக்குள் சுற்றிலும் மூன்று பேர் கூடி, நான்கு முழங்கால்களுக்கு மேல் ஒரு பத்திரிகையை விரித்து, முந்நூற்றி நாலு என்ற சீட்டாட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். தேடி வந்த கூட்டம் இதுவேதான்.

நிருஷா நேரே விஷயத்துக்கு வந்தாள். பிறிஜெற் கையிலிருந்த சீட்டுகளைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"பெட்டிசம் குடுத்தது உண்மை தான் மிஸ். கையெழுத்து எல்லாம் என்ட கையெழுத்து. ஆனா பிறகு இங்க வந்தம், இங்க காத்து நல்லா வருது. அந்தப் பெட்டியில ஃபேனும் வேலை செய்யல்ல, கூரையும் ஒழுகிச்சு. நாங்க ஏன் தெமட்டகொடைக்குப் போய் சீற் பூட்டப் போறம்? எங்களுக்கு வேலை வெட்டி இல்லையா?"

"இருக்கிற வேலையைப் பாத்தா அப்படித் தெரியல்லயே," என்றான் டெரிக், சீட்டுகளைப் பார்த்து. பழி தீர்ந்தது.

நிருஷா நீலக் கோட்டுக் கைக்குட்டைகளை நீட்டினாள். பிறிஜெற் ஒன்றை வாங்கி, நகைக்கடைக்காரர் மோதிரம் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எப்படிக் கிடந்திச்சு?"

"சீற்றுக்கு நட்ட நடுவில. மடிப்புக் குலையாமல். நாலு நாளும்."

"அப்ப இது எறிஞ்ச லேஞ்சி இல்ல மிஸ், வைச்ச லேஞ்சி." அவள் தன்னுடைய ஊதாத் துணியை உயர்த்திக் காட்டினாள். "இது எறிஞ்சது. வெளிய நிண்டு, ஜன்னலால, தனக்காக எறியிறது. எங்க விழும் எண்டு ஆண்டவருக்குத்தான் தெரியும், அதால நல்ல லேஞ்சி ஒருத்தரும் எறிய மாட்டாங்க. வைக்கிறது வேற. உள்ளுக்கு ஏற்கெனவே இடம் பிடிச்ச ஆள், பின்னால வாற ஒருத்தருக்காக வைக்கிறது. தனக்கு சீற் வேணுமெண்டா ஆள் இருந்திடும் தானே? லேஞ்சி எதுக்கு?"

நிருஷா கையில் மிஞ்சிய மூன்று கைக்குட்டைகளையும் குனிந்து பார்த்தாள்.

"இன்னொரு சங்கதி," பிறிஜெற் கைக்குட்டையை மோந்து பார்த்தாள். "கஞ்சி போட்டு அயர்ன் பண்ணி வைச்சிருக்கு. இப்படி லேஞ்சியை அறியாத ஆளுக்காக வைக்க மாட்டாங்க. ஆரோ ஒருத்தர்ல நல்லாப் பிரியம்."

ரயில் கொள்ளுப்பிட்டியைத் தாண்டியது, பம்பலப்பிட்டியையும் தாண்டியது. ஒரு பக்கம் கடல் மினுங்கியது, நிருஷா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. வெள்ளவத்தை வந்ததும் சட்டென்று வாசலுக்கு நகர்ந்தாள்.

"இறங்கும்."

"ஒபிஸுக்கா மேடம்?"

"இல்லை. ஒரு வீட்டுக்கு."

நிலையத்திலிருந்து காலி வீதிப் பக்கம் ஏறும் ஒழுங்கையில் நடக்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "அந்த ஏழடி இடத்தில, சீற்றே இல்லாமல் ஏற்கெனவே இடம் இருக்கிற ஆள் ஆர்?"

டெரிக் இரண்டு அடி நடந்தான். மூன்றாவது அடியில் நின்றுவிட்டான். "வீல்செயார்ல வாறவங்க."

"அவை தங்கட கதிரையோடயே வருவினம். பக்கத்தில ஒரு லேஞ்சியை வைச்சு, வாற ஆளுக்கு இடம் பிடிக்கினம். இப்ப சொல்லும், இண்டைக்கு நாங்கள் சந்திச்ச ஆக்களில, தலைமுடியில இருந்து சப்பாத்து வரைக்கும் எல்லாம் ஒழுங்கா இருந்தும், பையில லேஞ்சி மட்டும் இல்லாத ஆள் ஆர்?"

நெற்றியின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு டெரிக்கின் கண்முன் வந்தது.

"சீ! மேடம்! அவர்ட லேஞ்சி! நாலு நாளா தன்ட லேஞ்சியவே லாச்சியில பூட்டி வைச்சிட்டு எங்களக் கூப்பிட்டிருக்காரு! மனுசனுக்குத் தன்ட லேஞ்சி தெரியாதா?"

"அதை வாங்கினது ஆர், தோய்ச்சது ஆர், மடிச்சுப் பையில வைச்சது ஆர்? அவர் அதை ஒரு நாளாவது விரிச்சுப் பாத்திருப்பாரோ? உம்மட லேஞ்சி என்ன நிறம், சொல்லும் பாப்பம்?"

டெரிக் பையைத் தொட்டான். பிறகு பேச்சை மாற்றினான்.

* * *

இரண்டாம் மாடி. கதவில் 'தில்லைநாதன்' என்ற பெயர்ப்பலகை, கைப்பிடி வழக்கத்தைவிட ஓரடி தாழ்வாக. மணியை அழுத்தியதும் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் இருந்த பெண்ணுக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். மடியில் திருத்திக்கொண்டிருந்த கணிதக் கொப்பி, காதில் சிவப்புப் பேனா. வீட்டிலேயே சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுப்பவர்.

"டிடெக்டிவ் ஆக்கள்தானே? வாங்கோ," என்றார் அகீலா. "நேற்றே வருவீங்கள் எண்டு பாத்தனான். தேத்தண்ணி போடட்டோ?"

டெரிக் கதவுநிலையைப் பிடித்துக்கொண்டான். குற்றவாளி தேநீரோடு காத்திருப்பது அவனுடைய ஐந்து வருட அனுபவத்தில் இல்லாத சங்கதி.

"இவர் செவ்வாய்க்கிழமையே சொன்னவர், சதி நடக்குது, டிடெக்டிவ் பிடிக்கப்போறன் எண்டு," அகீலா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "நான் 'ஓம், நல்லாப் பிடியுங்கோ' எண்டனான். லேஞ்சியைப் பாத்து விளங்கிக்கொள்ளுவார் எண்டு நினைச்சன். மூண்டாம் நாள் வீட்ட வந்து, 'அகீலா, என்ர லேஞ்சி ஒண்டையும் காணேல்ல' எண்டு அலுமாரியைக் கிண்டுறார். நான் என்ன செய்ய?"

"எப்படி அனுப்பினீங்கள்?"

"அவற்ர சாப்பாட்டுப் பையின்ர பக்கப் பொக்கற்றுக்க. அவரே கொண்டுபோனவர். அந்தப் பையை மத்தியானம் எடுத்துக் குடுக்கிறது ராஜநாயகம் அண்ணை. போன வருசம் பட்டறைப் பார்ட்டிக்குப் போனபோது என்னைக் கதிரையோட தூக்கி ஏத்தினவர் அவர். போன் பண்ணி விஷயத்தைச் சொன்னன். ஒரு கேள்வி கேக்கேல்ல. 'எந்தப் பக்கச் சட்டத்தை அறுக்கோணும் அம்மா?' எண்டு மட்டும்தான் கேட்டவர்."

"இவரிட்ட நேர சொல்லியிருக்கலாமே?"

"மூண்டு தரம் சொன்னனான்." சிரிப்பு இப்போது இல்லை. "பதினொரு வருசமா நாங்கள் ரெயிலில போறது கார்ட் வாற சாமான் பெட்டியிலதான். மீன் பெட்டி, சைக்கிள், நான். இவர் என்ர கதிரையைப் பிடிச்சுக்கொண்டு முழு வழியும் நிப்பார். முழங்கால் வருத்தம் வந்தும் நிப்பார். இப்ப எனக்கெண்டு ஏழடி கீறியிருக்கிறார், நல்ல மனுசன்தான். ஆனா தனக்கு ஒரு அடி கீறேல்ல. 'நீங்கள் எங்க இருப்பீங்கள்?' எண்டு கேட்டா, 'நான் நிப்பன், அதுக்கென்ன' எண்டு சொல்லிப்போட்டு ப்ளானைச் சுருட்டினவர். ரெயில் செய்யிறவைக்கு நாங்கள் ஒரு கதிரையும் நாலு சில்லும்தான். எங்களோட ஒரு ஆள் வரும், வழியில கதைப்பினம், சண்டை பிடிப்பினம் எண்டு ஒருத்தரும் யோசிக்கிறேல்ல. எனக்கு ஏழடி வேண்டாம் தங்கச்சி. பக்கத்தில ஆள் வேணும்."

நிருஷா தேநீரைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தாள். பிறகு கடிதத்தைப் பற்றிச் சொன்னாள். ஆள் அகப்பட்டால் அன்றைக்கே வேலை நீக்கம், பெயர் மட்டும் போட வேண்டும்.

அகீலாவின் முகம் வெளிறியது. "ராஜநாயகம் அண்ணைக்கோ? ஐயோ, நான் பகிடியா எல்லோ தொடங்கினனான்! என்ர பேரைப் போடச் சொல்லுங்கோ. இண்டைக்கே இவரிட்ட நான் சொல்லுறன்."

"நீங்கள் அங்க வேலை செய்யிறேல்லயே, எங்க இருந்து நிப்பாட்டுறது? இவ்வளவு நாள் பொறுத்தீங்கள், இண்டைக்கு ஒரு ராவும் வாயைத் திறக்காதேங்கோ. நீங்கள் சொன்னா நாலாம் தரமும் 'அதுக்கென்ன' எண்டுதான் சொல்லுவார். என்னைத் தேடிக் கூப்பிட்டுக் கேட்டவர். கேட்டு எடுத்த பதில் காதில ஏறும்."

படியிறங்கும்போது டெரிக் கேட்டான். "ஏறாட்டி மேடம்?"

நிருஷா அடுத்த படிக்கு இறங்கிவிட்டாள். மூன்று வீடு தள்ளி இருக்கும் மனிதரின் முகத்தை நாளை மாலை எப்படிப் பார்ப்பது என்று யோசித்தபடி டெரிக் அவள் பின்னால் இறங்கினான்.

* * *

வெள்ளிக்கிழமை ஒரு மணி. தில்லைநாதனின் அறையில் நிருஷா சுருக்கமாகச் சொல்லி முடித்தாள். வாஷர், சட்டம், ஐந்தடி ஒரு அங்குலம், வைத்த லேஞ்சி, சாப்பாட்டுப் பை. ஒவ்வொன்றுக்கும் தில்லைநாதனின் முகம் ஒவ்வொரு நிறமாக மாறியது. கடைசியில் அவர் சாப்பாட்டுப் பையை எடுத்துப் பக்கப் பையைத் திறந்தார். இன்றைய கைக்குட்டை அங்கேதான் இருந்தது.

"நானே கொண்டுவந்து குடுத்திருக்கிறன்," என்றார் மெல்லமாக.

"நல்ல டிலிவரி சேர்விஸ் சேர்," என்றான் டெரிக். நிருஷா அவனுடைய காலை மிதித்தாள்.

"என்னட்டச் சொல்லியிருக்கலாம்."

"மூண்டு தரம் சொன்னவாவாம்."

தில்லைநாதன் எழுந்தார். மேசையில் கிடந்த ஸ்பானரை எடுத்துக்கொண்டு வெளியே போனார். யன்னலூடாக டெரிக் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் பெட்டிக்குள் ஏறினார். இருக்கையின் முன் முழங்காலை மடித்துச் சிரமப்பட்டுக் குந்தினார். ஸ்பானரை போல்ட்டில் வைத்தார்.

"கழட்டுறாரு மேடம்."

நிருஷாவும் எட்டிப் பார்த்தாள். எந்தப் பக்கம் முறுக்குகிறாரென்று அங்கிருந்து தெரியவில்லை. அவர் வெளியே வர முன் வாகனம் வந்துவிட்டது. எஞ்சினியர் அம்மா சொன்ன நேரத்துக்கு முன்னரே வருபவர் என்று யாரும் சொல்லியிருக்கவில்லை. பின்னாலேயே ஒரு வானில் அகீலாவும் இன்னும் இரண்டு சக்கர நாற்காலிக்காரரும் வந்து இறங்கினார்கள், பரீட்சைப் பயணிகளாக.

எல்லோரும் ஏறினார்கள். சாய்தளம் சரியாக நீண்டது. ஒலிபெருக்கி மூன்று மொழியிலும் பேசியது. எஞ்சினியர் அம்மா வரைபடத்தை விரித்தபடி நடந்து வந்து, வாசலோரத்தில் நின்றார். இருக்கை அங்கேயே நின்றது. நான்கு போல்ட்டும் இறுக்கமாக.

"ப்ளானில் இது இல்லையே," என்றார் சிங்களத்தில். "கவுத மேக்க தெம்மே?"

இதை யார் போட்டது? இராஜநாயகம் தொப்பியைக் கழற்றினார். முன்னால் ஓரடி வைத்தார். அகீலாவின் கைகள் சக்கரங்களை இறுக்கிப் பிடித்திருந்தன.

"மம தமய் தெம்மே," என்றார் தில்லைநாதன்.

நான்தான் போட்டேன். சொன்னவர் இராஜநாயகத்துக்கு முன்னால் வந்து மறைத்துக்கொண்டு நின்றார். "ப்ளான் கீறினதும் நான்தான், நோனா. கீறும்போது, வீல்செயாரில் வருபவர் தனியாகத்தான் வருவார் என்று நினைத்துவிட்டேன். பிழை ப்ளானில். சீற்றில் இல்லை."

அம்மா அவரை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு நாடாவை எடுத்துத் தானே குனிந்து அளந்தார். ஒரு முறை அளந்தது போதாமல் இன்னொரு முறை. அகீலாவைப் பார்த்துத் திரும்பிக் காட்டச் சொன்னார். அகீலா உள்ளே வந்து, ஒரு முழு வட்டம் சுற்றி, எங்கும் முட்டாமல் இருக்கையின் பக்கத்தில் வந்து நின்றார். அறுத்த சட்டத்தின் பக்கம்.

"ஹரி," என்றார் அம்மா, சரியென்று தலையசைத்து. பேனாவை எடுத்து வரைபடத்திலேயே அந்த இடத்தில் ஒரு சின்னச் சதுரம் போட்டுக் கையெழுத்து வைத்தார். "மற்ற ஒன்பது பெட்டிக்கும் இப்படியே செய்யுங்கள். இப்போது ஓட்டிப் பார்ப்போம்."

இராஜநாயகம் தொப்பியை மறுபடி போட்டுக்கொண்டார். ஆனால் போட்டது பின்பக்கம் முன்னாக. டெரிக் அதைத் திருத்திவிட்டு, ஏதோ பகிடி சொல்ல வாயெடுத்தான். பகிடியை விட்டுவிட்டு அவர் தோளைத் தட்டினான்.

"கழட்டுறார் எண்டீர்?" என்று நிருஷா காதில் கேட்டாள்.

"இறுக்கியிருக்காரு மேடம்," என்றான்.

பரீட்சை ஓட்டம் மருதானை, கோட்டை வழியாகக் கடற்கரைப் பாதைக்கு வந்தது. எஞ்சினியர் அம்மா முன்னே போய்க் கதவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். தில்லைநாதன் வழக்கப்படி மனைவியின் நாற்காலியின் பின்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றார். இருக்கை பக்கத்தில் காலியாக இருந்தது.

"இருங்கோ," என்றார் அகீலா.

"நான் நிப்பன், அதுக்..." பாதியில் நிறுத்திவிட்டு, சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவசரமாகக் கடலைப் பார்த்தார்கள். அவர் மெதுவாக, பரீட்சை மண்டபத்தில் இருப்பவரைப் போல, இருக்கையின் ஓரத்தில் அமர்ந்தார். கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் சட்டம் இல்லாத பக்கம் வைத்தார். அங்கே அகீலாவின் கை இருந்தது.

பம்பலப்பிட்டி போனது. அகீலா அவருடைய முகத்தைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேயிருந்தார்.

"என்ன?" என்றார் அவர் கூச்சத்தோடு.

"பதினொரு வருசமா ரெயிலில நான் பாத்துக்கொண்டு வந்தது உங்கட பெல்ட்டைத்தான்," என்றார் அகீலா. "முகத்தை இண்டைக்குத்தான் பாக்கிறன்."

தில்லைநாதன் ஓரத்திலிருந்து நகர்ந்து இருக்கையில் முழுதாகச் சாய்ந்துகொண்டார். வெள்ளவத்தை வந்தது, ரயில் நின்றது, சாய்தளம் நீண்டது, எஞ்சினியர் அம்மா கைதட்டி எல்லோரையும் இறங்கச் சொன்னார். மேடையில் இறங்கிய டெரிக் திரும்பிப் பார்த்தான். அவர்கள் இரண்டு பேரும் இன்னும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள்.